பிறம்ரன் இரண்டாம் லைன்

என் அக்கா இராஜேஸ்வரியின் கணவர் தியாகலிங்கத்தைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவரை அப்பாவி என்றுதான் சொல்வார்கள். நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அப்பாவி என்றால் நாலு பேர் சொல்வதைக் கேட்டு நடப்பான். எங்கள் அத்தான் நாலு பேர் சொல்வதையும் கேட்பார், தலையாட்டுவார், "நல்லது" என்பார், பிறகு தான் நினைத்ததைத்தான் செய்வார். அதற்குப் பெயர் வேறு.

யாழ்ப்பாணத்தில் அவர் விவசாயத் திணைக்களத்தில் புள்ளிவிபர உத்தியோகத்தர். எந்தப் பாத்தியில் எந்த மிளகாய் விதை எவ்வளவு காய்த்தது என்று எழுதி, அந்த வித்தியாசம் விதையால் வந்ததா, மண்ணால் வந்ததா, சும்மா தற்செயலா என்று பார்த்துச் சொல்வது வேலை. 1987இல் ரொறன்ரோவுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. இங்கே அந்த வேலைக்கு யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவினார். பெற்றோல் அடித்தார். பிறகு ஐந்து வருடம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கார்த் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கொடுத்தார். கூண்டுக்குள் இருந்தபடியே வேலைக்கு விண்ணப்பமும் எழுதிக்கொண்டிருந்தார். எல்லா இடத்திலிருந்தும் ஒரே பதில்: கனடிய அனுபவம் இல்லை. அந்தக் கார்த் தரிப்பிடம் என்ன சந்திரமண்டலத்திலா இருந்தது என்று எனக்குக் கோபம் வரும். அவருக்கு வராது. அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிடுவார்.

1996 செப்ரெம்பர் கடைசியில் ஒரு கதவு திறந்தது. வேலையிடங்களில் தொழிலாளர்களுக்கு ஏற்படும் காயங்களை ஆராய்கிற ஒரு சின்ன நிறுவனம், டவுன்ரவுனில் பழைய கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் இருந்தது. அங்கே ஆறு மாதக் கொன்ராக்ற். ஆராய்ச்சிக்குப் பொறுப்பானவர் ஹெலன் மக்கே என்ற டொக்டர். மார்ச்சில் அறிக்கை வெளியானதும் இவரை நிரந்தரமாக்குவதாக அந்த அம்மா வாய்விட்டே சொல்லியிருந்தார். அத்தான் கழுத்தில் கட்ட இரண்டு ரை வாங்கினார். அக்கா பின்னேரங்களில் செய்துகொண்டிருந்த அலுவலகம் துப்புரவாக்கும் வேலையை விட்டுவிட்டாள். பத்து வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் பகல் வேலை ஒன்று மட்டும்தான். அந்த மாதங்களில் அக்கா குசினிக்குள் பாட்டு முணுமுணுத்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறம்ரன், ரெக்ஸ்டேல், விட்பி மூன்று இடத்திலும் வெயர்ஹவுஸ் வைத்திருக்கும் ஒரு கொம்பனி. ஒவ்வொன்றிலும் பெல்ற்றில் சாமான் ஓடுகிற நாலு லைன். அறுநூறு தொழிலாளர்கள். அவர்களுடைய முதுகு ஏன் போகிறது? லைனில் ஓடும் சாமானாலா, அல்லது ஆட்களுக்கு ஒழுங்காகத் தூக்கத் தெரியாததாலா? இதுதான் கேள்வி. பிறம்ரன் வெயர்ஹவுஸில் இரண்டாம் லைனில் நின்று, அதற்கு முந்தின வருடம் முதுகைக் கொடுத்த ஆட்களில் நானும் ஒருவன். அவர் கொம்பியூட்டரில் அடித்துக்கொண்டிருந்த அறுநூறு படிவங்களில் ஒன்று நான் என் கையால் நிரப்பியது.

நாங்கள் எல்லோரும் ரெக்ஸ்டேலில் ஒரே அப்பார்ட்மென்ற் கட்டடம். அவர்கள் பதினோராம் மாடி, நான் எட்டாம் மாடி. தனிக்கட்டை என்பதால் சாப்பாட்டுக்கு மேலே ஏறிவிடுவேன். அப்படி ஒருநாள் போனபோது அத்தான் மேசையில் ஒரு தாளை விரித்துவைத்து, பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரே ஒரு வரி. தமிழில் எழுதினால் இப்படி வரும்: காயம் ~ வயது + வெயர்ஹவுஸ் + லைன்.

"உதென்ன அத்தான், வயசையும் வெயர்ஹவுஸையும் கூட்டினால் என்ன விடை வரும்?" என்று பகிடி விட்டேன்.

"உது கூட்டல் இல்லை, சச்சி. அந்த நெளிஞ்ச கோட்டுக்கு இஞ்சால இருக்கிறதைக் கொண்டு அங்கால இருக்கிறதை விளங்கப்படுத்து எண்டு கொம்பியூற்றருக்குச் சொல்லுறம். பிளஸ் எண்டா இதையும் பார், அதையும் பார். அவ்வளவுதான்."

"அப்ப நட்சத்திரம் போட்டால் பெருக்கலே?"

"இல்லை. ரெண்டும் சேரேக்க வேற ஏதும் நடக்குதோ எண்டும் பார்."

"சாய்ஞ்ச கோடு பிரிக்கிறதும் இல்லையாக்கும்."

"இல்லை. அதுக்குள்ள இது எண்டு அர்த்தம். பெரிசுக்குள்ள சின்னது."

"அப்ப உங்கட மெசினில உண்மையான கணக்கே செய்யேலாதோ?"

"செய்யலாம். வயசை வயசால பெருக்கவேணுமெண்டால், ஐ எண்ட எழுத்தைப் போட்டு அடைப்புக்குள்ள வைக்கவேணும். அந்த அடைப்புக்குள்ள மட்டும் குறியெல்லாம் பள்ளிக்கூடத்தில படிச்ச மாதிரி நடக்கும்."

கூட்டல் கூட்டலில்லை, பிரித்தல் பிரித்தலில்லை, உண்மையான கணக்குச் செய்ய வேலியடைக்க வேண்டும். இதற்குப் படித்தவர்கள் சம்பளமும் வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சோற்றைப் போட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்து வருடத்தில் அந்த மனிதர் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்து நான் கண்டதில்லை.

பெப்ரவரியில் அறிக்கையின் முதல் வரைவு தயாராகி, கொம்பனிக்கும் ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்த குழுவுக்கும் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் சிநேகிதி ஜூலி சாப்பிட வந்திருந்தாள். அக்காவுடன் ஆங்கில வகுப்புக்குப் போனவள். இப்போது விட்பியில் வீடு, வேலையும் அங்கேயே, எங்கள் கொம்பனியின் விட்பி வெயர்ஹவுஸில். சேர்ச்சில் பூசை முடிந்து நேரே கார் எடுத்து வந்திருந்தாள். நான் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அத்தானைக் கேட்டேன். அவர் கோழிக் கறியை இழுத்துக்கொண்டே சொன்னார்.

"லைனுக்கும் காயத்துக்கும் பெரிய தொடர்பு தெரியேல்லை. தூக்குற முறையைப் பழக்கவேணும் எண்டு சிபாரிசு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை எங்களை இருத்தி வைத்து, குனியாதே, குந்தித் தூக்கு என்று வீடியோ காட்டியிருந்தார்கள். அதில் தூக்கிக் காட்டியவனின் பெட்டிக்குள் காற்றைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது.

"என்ன விசர்க் கதை கதைக்கிறியள்? ரெண்டாம் லைனில ஒரு நாள் நிண்டு பாருங்கோ. ரயர், பெயின்ற் வாளி, நாய்ச் சாப்பாட்டு மூட்டை. குந்தித் தூக்கினால் என்ன, கும்பிட்டுத் தூக்கினால் என்ன, முதுகு போறது போறதுதான்!"

ஜூலி வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "எங்கட ரெண்டாம் லைன் நல்ல சுகம், அண்ணை. வாழ்த்து அட்டை, ரிபன், பலூன். பிள்ளைத்தாச்சிப் பெட்டையளை அங்கதான் விடுறவை."

அத்தானின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது.

"ஜூலி, உங்கட ரெண்டாம் லைனில என்ன போகுது? திருப்பிச் சொல்லும்."

அவள் திருப்பிச் சொன்னாள். அத்தான் எழுந்து போய்க் கையைக் கழுவினார். திரும்பி வந்து சாப்பாட்டு மேசைக்கு வராமல் சோபாவில் இருந்தார். அக்கா என்ன என்ன என்று கேட்டாள். ஜூலி தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்து, நேரத்தோடு வெளிக்கிட்டுவிட்டாள். அவள் போன பிறகுதான் வாய் திறந்தார்.

"பிறம்ரன் ரெண்டாம் லைனையும் விட்பி ரெண்டாம் லைனையும் கொம்பியூற்றர் ஒரே லைன் எண்டு நினைச்சுப் பாத்திருக்குது. ரயரையும் பலூனையும் ஒண்டாப் போட்டுச் சராசரி எடுத்தால், ஒண்டும் இல்லை எண்டுதானே வரும்."

"ஆர் செய்த வேலை?" என்று கேட்டேன்.

"நான்."

நடந்தது இதுதான். படிவங்களில் தொழிலாளர்கள் தங்கள் லைனை எழுதும்போது முன்னால் ஊரின் முதலெழுத்தையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்: பி-2, ஆர்-2, டபிள்யூ-2 என்று. ஹெலன் அம்மா அந்த எழுத்துகளை மனதில் வைத்துத்தான், மொத்தம் பன்னிரண்டு லைன் என்று எண்ணி, தன் சூத்திரத்தை எழுதினார். ஆனால் அத்தான் படிவங்களை அடிக்கும்போது, ஊர்தான் வேறு கட்டத்தில் தனியாக இருக்கிறதே, இங்கே எதற்கு இன்னொருதரம் என்று முன்னெழுத்து முழுவதையும் வெட்டிவிட்டார். பன்னிரண்டு லைன் நாலு லைன் ஆகிவிட்டது.

மிளகாய்த் தோட்டத்தில் பதினாலு வருடம் இதையே தொழிலாகச் செய்த மனிதர். ஒரு தோட்டத்து மூன்றாம் பாத்தியும் அடுத்த தோட்டத்து மூன்றாம் பாத்தியும் ஒன்றல்ல என்று மற்றவர்களோடு சண்டை பிடித்தவர். அவர் எப்படி இதைச் செய்தார்? எனக்குத் தெரியும், சொல்கிறேன். அவருடைய தகப்பன் பெயர் வேலுப்பிள்ளை. ஊரில் இவர் வே. தியாகலிங்கம்; எந்த வீட்டுத் தியாகலிங்கம் என்று அந்த 'வே' சொல்லிவிடும். கனடாவில் அந்த ஒற்றை எழுத்து அவரைப் பாடாய்ப் படுத்தியது. சுகாதார அட்டை ஒரு பெயரில், சாரதி அனுமதிப்பத்திரம் இன்னொரு பெயரில். எப்போதோ செத்துப்போன வேலுப்பிள்ளைக்கு, உங்களுக்குக் கடனட்டை வேண்டுமா என்று கடிதம். போகிற கவுண்டரிலெல்லாம், முன்னால் உள்ள எழுத்து எதற்கு, அதை விட்டுவிடுங்கள் என்றார்கள். அவரும் விட்டுவிட்டார். ஒன்பது வருடமாக ஒவ்வொரு படிவத்திலும் தன்னுடைய முன்னெழுத்தைத் தானே வெட்டி வெட்டிப் பழகிய கை, அறுநூறு பேருடையதையும் வெட்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இதைச் சொன்னபோது அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய்க் கொம்பியூட்டரைத் திறந்தார். திருத்துவதற்கு அறுநூறு படிவங்களையும் திரும்ப அடிக்கத் தேவையில்லை. சூத்திரத்தில் வெயர்ஹவுஸுக்கும் லைனுக்கும் நடுவில் இருந்த பிளஸை எடுத்துவிட்டுச் சாய்ந்த கோடு போட்டாலே போதும்: வெயர்ஹவுஸுக்குள் லைன். ஒரே ஒரு குறி. போட்டார். பிறம்ரன் இரண்டாம் லைனில் முதுகு போகிற வாய்ப்பு மற்ற லைன்களைவிட நாலு மடங்குக்கு மேல் என்று வந்தது. பின்னேரம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், எட்டாம் மாடியில் என் கதவைத் தட்டினார்.

நான் தாளைப் பார்த்தேன். இலக்கங்கள் எனக்கு விளங்காது. ஆனால் இரண்டு வருடமாக நாங்கள் கத்திக்கொண்டிருந்தது அந்தத் தாளில் இருந்தது என்பது விளங்கியது. மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அதற்குள் அவர் சொன்னார்:

"நாளைக்கு ஹெலனிட்டச் சொல்லப்போறன். சொன்னால் வேலை நிக்குமோ தெரியாது. அறிக்கை ஏற்கெனவே காசு குடுத்த ஆக்களிட்டப் போய்ச் சேர்ந்திட்டுது. ஏன் மாறினது எண்டு குழுவுக்கு அவ விளக்கம் குடுக்கவேணும்."

அந்தக் கணமே நான் மாறிவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா அந்த அலுவலகங்களின் கக்கூஸ்களுக்கு மறுபடியும் போவதை நினைத்தேன். இந்த மனிதர் மறுபடியும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதை நினைத்தேன்.

"பிளஸ் போட்டது ஆர்? அவதானே? சாய்ஞ்ச கோடு போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அவவின்ர பிழை எண்டு சொல்லுங்கோ."

"எழுத்து இருந்திருந்தால் அவ எழுதின பிளஸ் சரி. நான் குடுத்ததுதான் பிழை."

"அப்பிடியெண்டால் ஒண்டும் சொல்லாதேங்கோ. மார்ச் முடியட்டும், நிரந்தரமாக்கட்டும். பேந்து பாக்கலாம். என்ர முதுகு ஏற்கெனவே போட்டுது, அத்தான். இனிச் சொல்லி அது திரும்பி வரப்போகுதே?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"அந்த லைனில நாப்பத்தாறு பேர், சச்சி," என்றார். பிறகு, "நல்லது, நீ சொன்னதை யோசிக்கிறன்," என்று எழுந்து போனார். அந்த 'நல்லது' எனக்குப் பழக்கம். யோசிக்க மாட்டார் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை சொன்னார். ஹெலன் அம்மா கத்தவில்லையாம். தானே கதிரையை இழுத்துப் போட்டு, பிளஸ் வைத்து ஒருமுறை, கோடு வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தாராம். பிறகு, கண்டுபிடித்ததற்கு நன்றி என்றாராம். அறிக்கையைத் திருப்பி எடுத்து, முழுவதையும் புதிதாக எழுதினார்கள். மே மாதம் வெளியானது. எப்படிப் பிழை வந்தது என்று குழுவுக்கு அவர் மறைக்காமல் எழுத வேண்டியிருந்தது. குழு யோசித்து, தியாகலிங்கத்தின் கொன்ராக்ற் மார்ச் 31உடன் முடியலாம், நிரந்தரமாக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தது. அந்த அம்மா நல்ல சான்றிதழ் ஒன்று எழுதிக் கொடுத்தார். லிஃப்ற் வரைக்கும் கூட வந்தாராம். அத்தான் இதையெல்லாம் நாளைக்கு மழையாம் என்பதுபோல எங்களுக்குச் சொன்னார்.

அக்கா அன்றைக்குச் சமைக்கவில்லை.

"உங்கட நேர்மையைச் சட்டியில போட்டு வதக்கேலுமே?" என்று ஒருதரம் கேட்டாள். அடுத்த வாரமே பழைய துப்புரவு வேலைக்குப் போன் அடித்தாள். அவர்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. அத்தானைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அக்காவைப் பார்க்க இன்னும் பாவமாக இருந்தது. நான் சில நாட்கள் மேலே சாப்பிடப் போகவில்லை.

அந்த ஓகஸ்ரில் பிறம்ரன் இரண்டாம் லைனை இரண்டு வாரம் நிறுத்தினார்கள். திரும்பத் திறந்தபோது சாமானை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் மேசைகள் பூட்டியிருந்தன. பெல்ற்றின் ஓட்டம் குறைந்திருந்தது. ரயருக்கு இனி இரண்டு பேர் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். தலைமை அலுவலகத்துக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று, எங்களை மேற்பார்க்கும் போர்மன் தானே சாதித்ததுபோல எல்லோருக்கும் டோனற் வாங்கி வைத்தான். பெடியள் கை தட்டினார்கள். என் கையிலும் ஒரு டோனற். இந்த மேசைகள் எப்படி வந்தன என்று எனக்குத் தெரியும், சொல்லவேண்டாம் என்று தடுத்தவனும் நான்தான் என்று அங்கேயே கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. டோனற்றையும் தின்ன முடியவில்லை.

அத்தான் அதற்குள் நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். இப்போது கனடிய அனுபவம் ஆறு மாதம் இருந்தது. ஏன் ஆறு மாதத்தோடு நின்றது என்று கேட்டார்கள். இவர் ஏன் என்று உள்ளபடியே சொன்னார். கார்த் தரிப்பிடத்தில் கூண்டை எடுத்துவிட்டு மெசின் வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒக்ரோபரில் நான் எங்கள் வெயர்ஹவுஸ் விண்ணப்பப் படிவம் ஒன்றைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தேன். வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பேனாவை எடுத்து நிரப்பத் தொடங்கினார்.

போர்மன் அவரை மேலும் கீழும் பார்த்தான். நாற்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, பெட்டி தூக்கிய பழக்கமில்லாத கை. இரக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தாளை இரண்டாம் லைனில் விடு, இப்போது இங்கே அதுதான் ஆகச் சுகமான லைன் என்று என்னிடம் சொன்னான்.

பன்னிரண்டு வருடம் அத்தான் அந்த லைனில் நின்றார். அறுபது வயதில்தான் வேலையை விட்டார். எனக்கு இன்றைக்கும் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடியாது. அவருக்கு ஒருநாள்கூட முதுகு நொந்ததில்லை.